ஏழாம் அத்தியாயம்: ‘ஆல்’ என்னும் ஓர் உருபும் ஆங்கிலத்தின் பல தொடர்களும்

மழையால் ஆட்டம் நின்றது, பசியால் குழந்தை அழுதது, கத்தியால் காயை நறுக்கினாள், தச்சனால் செய்யப்பட்ட கட்டில், பெரியவரின் சிபாரிசால் வேலை கிடைத்தது என்று நாம் எழுதும்போது, இந்த ஐந்து இடங்களிலும் ‘ஆல்’ என்ற ஒரே உருபு ஐந்து வெவ்வேறு காரியங்களைச் சிரமமின்றிச் செய்து முடித்துவிடுகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்ற பொருள்களையும், ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்ற பொருள்களையும் நன்னூலார் பகுத்துக் காட்டியிருந்தாலும், இந்த இடங்களிலெல்லாம் உருபு ஒன்றாகவே இருப்பதால் அந்தப் பகுப்பு அன்றாடம் எழுதுகிறவன் மனத்தில் தோன்றுவதில்லை. அவன் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதோ, ‘ஆல்’ வந்த இடங்களுக்கெல்லாம் ‘டியூ டு’ என்ற தொடரைப் பெய்துவிட்டு, ஒரே பக்கத்தில் அது நாலைந்து தடவை வந்திருப்பதைப் பின்னால் கண்டு, வாசகனுக்கு அலுப்புத் தட்டுமே என்ற பயத்தினால் ஒன்றை ‘ஓயிங் டு’ என்றும், இன்னொன்றை ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’ என்றும், வேறொன்றை ‘தாங்க்ஸ் டு’ என்றும் மாற்றிவைக்கிறான்.

இந்த அத்தியாயத்தின் உத்தேசம் அந்த வழக்கத்தை மாற்றுவதேயாகும். காரணத்தையும் தோற்றத்தையும் கூறும் ஆங்கிலத் தொடர்கள் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடியவை போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் காரணத்தைப் பற்றி ஒரு தனித் தீர்ப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது; ஆகவே, தொடரை மாற்றுகிறவன், தான் அறிந்தோ அறியாமலோ, அந்தத் தீர்ப்பையும் மாற்றிவிடுகிறான்.

1. முதல், துணை, நிமித்தம்

நம்முடைய சாஸ்திரக்காரர்கள் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பிரித்து, குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று உதாரணம் காட்டினார்கள். ஆங்கிலத் தொடர்களைத் தேர்ந்தெடுக்க விரும்புகிற தமிழனுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஏனெனில் ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் மூன்று தனி வழிகளை வைத்திருக்கிறது.

முதற்காரணத்துக்கு ‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ என்ற இரண்டு தொடர்கள் உள்ளன. செய்த பொருளில் மூலப்பொருள் தன் உருவம் கெடாமல் கண்ணுக்குத் தெரியுமானால் ‘ஆஃப்’. மூலப்பொருள் முற்றும் மாறிவிட்டதானால் ‘ஃப்ரம்’. மேஜை ‘மேட் ஆஃப் வுட்’. காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’. துணைக்காரணத்துக்கு ‘வித்’ அல்லது ‘பை மீன்ஸ் ஆஃப்’. நிமித்த காரணத்துக்கு ‘பை’. கத்தியைக் கொண்டு நறுக்கியதை ‘கட் வித் எ நைஃப்’ என்றும், தச்சன் செய்ததை ‘மேட் பை எ கார்பென்டர்’ என்றும் எழுதுகிறோம். இவற்றில் ஒன்றுக்கும் ‘டியூ டு’ பொருந்தாது என்பதைக் கண்டுகொண்டாலே, பாதித் தவறுகள் நீங்கிவிடும். நன்னூலார் ‘ஏது’ என்று சொன்ன பகுதி மட்டுமே எஞ்சி நிற்கும். இனி வருவன அதைப் பற்றியவை.

2. ‘டியூ டு’, ‘ஓயிங் டு’, ‘பிகாஸ் ஆஃப்’

‘டியூ’ என்பதும் ‘ஓயிங்’ என்பதும் கடனைக் குறிக்கும் பதங்கள். இன்னதற்கு இன்னது கடன்பட்டிருக்கிறது என்பதே இவற்றின் பழைய அர்த்தம். ‘டியூ’ பெயரடையாகையால், அது பற்றிக்கொள்வதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும் என்று பழைய இலக்கணக்காரர்கள் வற்புறுத்தினார்கள். ‘தி டிலே வாஸ் டியூ டு ஃபாக்’ என்ற வாக்கியத்தில் தாமதம் என்ற பெயரைப் பற்றிக்கொண்டு அது நிற்பதால் யாரும் குறை சொல்வதில்லை. ‘டியூ டு ஃபாக், தி டிரெயின் வாஸ் லேட்’ என்று எழுதினால், அது பற்றுவதற்குப் பெயர் இல்லை என்பது அவர்கள் வாதம். 1926-இல் வெளிவந்த தமது ஆங்கிலப் பிரயோக அகராதியில் எச். டபிள்யூ. ஃபவுலர் இந்த இரண்டாவது பிரயோகத்தைக் கல்லாதார் வழக்கென்று ஒதுக்கினார். ஆனால், அதே வரலாற்றையுடைய ‘ஓயிங் டு’ மட்டும் முன்னமே இடைச்சொல்லாகிவிட்டதென்று அதை ஏற்றுக்கொண்டார். வழக்கோ அவருடைய விதிக்குக் காத்திருக்கவில்லை. 1957-இல் கனடா நாட்டுப் பாராளுமன்றத்தைத் தொடங்கிவைத்து இரண்டாம் எலிசபெத் ராணி வாசித்த உரையிலேயே ‘டியூ டு’ ஒரு வாக்கியத்தின் தலையில் வந்து அமர்ந்தது.

ஆகவே இன்று அப்படி எழுதுவதைப் பிழையென்று சொல்வது மிகையாகும். ஆயினும், தேர்வாளரோ மேலதிகாரியோ பழைய மரபில் பயின்றவராக இருக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறவர், ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் ‘டியூ டு’வையும், வாக்கியத்தின் தலையிலோ ஒரு செயலைச் சொல்லும் வினையின் பின்னாலோ ‘பிகாஸ் ஆஃப்’ அல்லது ‘ஓயிங் டு’வையும் வைத்துக்கொண்டால் எவராலும் குறை காண முடியாது. இவ்விரண்டில் ‘பிகாஸ் ஆஃப்’ பேச்சிலும் எழுத்திலும் எங்கும் செல்லும். ‘ஓயிங் டு’ சற்றுச் சடங்கான தொனியுடையது, அறிவிப்புப் பலகைக்கும் காரியாலயக் கடிதத்துக்கும் உகந்தது.

3. பெயர் வருகிறதா, வாக்கியம் வருகிறதா?

‘பிகாஸ் ஆஃப்’ என்பதன் பின் பெயர் வரவேண்டும். ‘பிகாஸ்’ என்பதன் பின் எழுவாயும் பயனிலையும் கொண்ட வாக்கியம் வரவேண்டும். ‘பிகாஸ் ஆஃப் ஹிஸ் இல்னெஸ்’ சரி. ‘பிகாஸ் ஹி வாஸ் இல்’ சரி. ‘பிகாஸ் ஆஃப் ஹி வாஸ் இல்’ என்பது எங்கும் சரியாகாது. அன்றியும், ‘பிகாஸ்’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில், நம்முடைய ‘ஆகையால்’ என்பதை நினைத்துக்கொண்டு ‘சோ’ என்றோ ‘தேர்ஃபோர்’ என்றோ மறுபடியும் ஒரு சொல்லைச் சேர்ப்பது நம்மவரிடம் மிகுதியாகக் காணப்படும் வழக்கம். காரணத்தை ஒரு முறை சொன்னால் ஆங்கிலத்துக்குப் போதும்.

‘பிகாஸ்’ என்பதற்குப் பதிலாக ‘சின்ஸ்’, ‘ஆஸ்’, ‘ஃபார்’ என்ற மூன்றும் வரும். கேட்கிறவனுக்குக் காரணம் புதிய செய்தியாக இருந்தால் ‘பிகாஸ்’. காரணம் அவனுக்கும் தெரிந்ததே, அதன்மேல் எழும் காரியத்தைத்தான் சொல்ல வருகிறோம் என்றால் ‘சின்ஸ்’ அல்லது ‘ஆஸ்’. நம் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் விடுப்புக் கடிதம் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்குகிறது. ஜுரம் ஆசிரியருக்கு அப்போதுதான் தெரிய வருகிற செய்தி என்றாலும், அதை முன்னுரையாக ஒதுக்கிவிட்டு விடுப்பை முதன்மையாக்குவதால் அங்கே ‘ஆஸ்’ பொருந்துகிறது. ‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று ஆசிரியர் நேரில் கேட்டால், பதில் ‘பிகாஸ்’ என்றுதான் தொடங்க வேண்டும்; ‘ஆஸ்’ அங்கே நிற்காது. ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ இரண்டும் காலத்தையும் குறிப்பவையாதலால், சந்தேகம் தோன்றும் இடத்தில் இவற்றை விலக்குவது நலம். ‘ஃபார்’ என்பதோ ஒன்றைச் சொல்லி முடித்த பின் அதற்கு நியாயத்தைப் பிற்சேர்க்கையாகத் தருவது. எழுத்து நடைக்கே உரியது. வாக்கியத்தின் தலையில் வராது.

எதிர்மறை வினையின் பின் ‘பிகாஸ்’ வரும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட்’ என்ற வாக்கியத்துக்கு, பயந்ததால் அவர் ராஜினாமா செய்யாமல் இருந்துவிட்டார் என்றும், ராஜினாமா செய்தார், ஆனால் பயத்தினால் அன்று என்றும் இரண்டு அர்த்தம் உண்டு. ‘அவர் பயத்தால் ராஜினாமா செய்யவில்லை’ என்ற தமிழ் வாக்கியத்திலும் இதே மயக்கம் இருப்பதால், மொழிபெயர்க்கிறவர் அதை அப்படியே கடத்திவிடுகிறார். முதல் அர்த்தமே உத்தேசமானால் ‘பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட்’ என்ற பகுதியை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும்.

4. சிறிய இடைச்சொற்கள்

ஆங்கிலத்தில் நன்கு பயின்றவனையும் பயிலாதவனையும் பிரித்துக் காட்டுபவை ஓரசைச் சொற்களாகிய ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘த்ரூ’ முதலியவையே.

நோய், பசி, தாகம் இவற்றால் இறப்பதை ‘டை ஆஃப்’ என்றும், காயத்தால் இறப்பதைப் பெரும்பாலும் ‘டை ஃப்ரம்’ என்றும் சொல்வார்கள். இந்த எல்லை அவ்வளவு கண்டிப்பானதன்று. ஆனால், ‘டயர்ட் ஆஃப் வாக்கிங்’ என்பதற்கும் ‘டயர்ட் ஃப்ரம் வாக்கிங்’ என்பதற்கும் உள்ள எல்லை கண்டிப்பானது: முன்னது நடப்பதில் உண்டான சலிப்பு, பின்னது நடந்ததால் உண்டான களைப்பு. இரண்டையும் மாற்றிச் சொன்னவன், கால் வலிக்கிறது என்று சொல்ல வந்து, மனம் வெறுத்துவிட்டது என்று சொன்னவன் ஆகிறான்.

உள்ளத்திலோ உடலிலோ நிறைந்த ஒன்று வெளியே குறியாகத் தோன்றும்போது ‘வித்’ வரும்: குளிரால் நடுங்குவது ‘ஷிவர் வித் கோல்ட்’, வெட்கத்தால் சிவப்பது ‘பிளஷ் வித் ஷேம்’. ஒருவனைச் செயலுக்குத் தூண்டிய எண்ணத்தைச் சொல்ல ‘அவுட் ஆஃப்’: இரக்கத்தால் கொடுத்தது ‘அவுட் ஆஃப் பிட்டி’, ஆவலால் கேட்டது ‘அவுட் ஆஃப் கியூரியாசிட்டி’. ஒரு குற்றமோ குறையோ வழியாக அமைந்து விளைவைக் கொண்டுவந்ததென்றால் ‘த்ரூ’: கவனக்குறைவால் தவறவிட்டது ‘த்ரூ நெக்ளிஜன்ஸ்’. இல்லாமையே காரணமானால் ‘ஃபார் வான்ட் ஆஃப்’ அல்லது ‘ஃபார் லேக் ஆஃப்’: பணமில்லாமையால் நின்றுபோன வேலைக்கு இதுவே உரிய தொடர்.

5. புகழ், பழி, உரிமை, முயற்சி

சில தொடர்கள் காரணத்தைச் சொல்வதோடு நில்லாமல், அதை எழுதுகிறவனுடைய மனோபாவத்தையும் வெளியிட்டுவிடுகின்றன. ‘தாங்க்ஸ் டு’ நன்மையின் காரணத்துக்கு நன்றி தெரிவிப்பது. தீமையின் காரணத்தோடு அது வந்தால் பரிகாசமாகிவிடும். ‘தங்கள் காலதாமதத்தால் எங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது’ என்று ஒரு வியாபாரி தன் வாடிக்கைக்காரருக்கு ‘தாங்க்ஸ் டு யுவர் டிலே’ என்று எழுதுவாரானால், அவர் அறியாமலே அந்தக் கடிதம் குத்தலாக வாசிக்கப்படும்.

‘பை வர்ச்சு ஆஃப்’ என்பது பதவியோ உரிமையோ தகுதியோ தரும் பலத்தால் என்று பொருள்படும். ஒருவர் தாம் வகிக்கும் உத்தியோகம் காரணமாகவே ஒரு சபையில் அங்கம் பெறுவதை அதனால் சொல்லலாம். ‘பை டின்ட் ஆஃப்’ விடாமுயற்சிக்கு உரியது. அதிர்ஷ்டத்தால் வந்ததற்கு அது ஆகாது. ‘ஆன் தி கிரவுண்ட் ஆஃப்’ என்பது ஒருவர் வெளிப்படையாக எடுத்துக்காட்டும் நியாயம். உள்ளே வேறு காரணம் இருக்கலாம் என்ற இடைவெளியை அது திறந்தே வைத்திருக்கும். வயதைக் காரணமாகச் சொல்லி மனு நிராகரிக்கப்பட்டது என்று எழுதும்போது, உண்மையில் வயதுதானா காரணம் என்பதற்கு நாம் பொறுப்பேற்றுக்கொள்ள விரும்பாவிட்டால் இந்தத் தொடரே தக்கது. ‘இன் வியூ ஆஃப்’ என்பது ஆலோசித்து எடுத்த முடிவுக்கு மட்டும் பொருந்தும். வறட்சியைக் கருத்திற்கொண்டு வரியைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால், வறட்சியைக் கருத்திற்கொண்டு பயிர் வாடுவதில்லை.

6. வினைச்சொற்களும் ஒரு பஞ்சத்தின் உதாரணமும்

‘ரிசல்ட் ஃப்ரம்’, ‘ரிசல்ட் இன்’ இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. விளைவை எழுவாயாக்கினால் ‘ஃப்ரம்’, காரணத்தை எழுவாயாக்கினால் ‘இன்’. ‘ரிசல்ட்’ செயப்படுபொருள் குன்றிய வினையாதலால் ‘வாஸ் ரிசல்டட்’ என்று ஒரு பிரயோகம் கிடையாது. ‘காஸ்’ என்ற வினை தொல்லை, சேதம், வலி, தாமதம் முதலிய வேண்டாதவற்றோடு மிகுதியாகப் பழகிவிட்டது. நன்மைக்கும் மாறுதலுக்கும் ‘பிரிங் அபவுட்’ இசைவானது. ‘கிவ் ரைஸ் டு’ சந்தேகம், வதந்தி, விவாதம் போன்றவை எழுவதற்கு. ‘லீட் டு’ படிப்படியாக ஒன்று மற்றொன்றில் கொண்டுபோய் விடுவதற்கு. ‘டிரிகர்’ முன்னமே கூடியிருந்தவற்றைக் கடைசியாகத் தூண்டிவிட்டதற்கு. ‘கான்ட்ரிபியூட் டு’ பல காரணங்களுள் ஒன்றாக நின்றதற்கு.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வெறும் நடைப் பிரச்சினையன்று என்பதற்கு, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் நினைவில் வைத்திருந்த 1876–78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876-இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்காமல் நடந்தது. நிவாரண வேலைகளில் கொடுத்த கூலி அரசாங்க அதிகாரியாகிய சர் ரிச்சர்ட் டெம்பிளின் யோசனைப்படி குறைக்கப்பட்டது. இனி, ஒரு மாணவன் ‘தி ஃபேமின் வாஸ் டியூ டு டிரவுட்’ என்று எழுதினால், பழி முழுவதையும் அவன் வானத்தின்மேல் சுமத்திவிட்டான். ‘தி ஃபெய்லியர் ஆஃப் தி ரெயின்ஸ் லெட் டு தி ஃபேமின்’ என்று எழுதினால், மழைக்கும் மரணத்துக்கும் நடுவில் சில படிகள் இருந்தன என்பதற்கு இடம் விட்டுவைக்கிறான். ‘டிரிகர்ட்’ என்று எழுதினால், நாட்டின் வறுமை அதற்கு முன்பே முற்றியிருந்தது என்று சொல்லாமற் சொல்கிறான். ‘கவர்ன்மென்ட் பாலிசி கான்ட்ரிபியூட்டட் டு தி டெத்ஸ்’ என்று சேர்த்தால், அரசாங்கத்துக்குப் பங்குண்டு, ஆனால் முழுப் பங்கும் அதனுடையதன்று என்கிறான். ‘காஸ்ட்’ என்ற வினையைக் கொள்கைக்கே கொடுத்துவிட்டால் அரசாங்கத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். இந்த ஐந்து வாக்கியங்களும் ஐந்து சரித்திரங்கள். இவற்றில் எதை நம்புகிறோம் என்று முடிவு செய்யாமல் எதை எழுதுவது என்று முடிவு செய்ய இயலாது.

தன் முடிவாகச் சொல்ல அஞ்சுகிறவனுக்கும், பிறருடைய அபிப்பிராயத்தை எடுத்துரைக்கிறவனுக்கும் ‘அட்ரிபியூட் டு’, ‘அஸ்கிரைப் டு’ என்ற இரண்டும் துணை செய்யும். இன்னார் இன்னதற்கு இதைக் காரணமாகக் கூறுகிறார் என்ற அளவில் அவை நின்றுவிடும். அது மெய்தானா என்ற பொறுப்பு கூறியவரையே சாரும்.

7. தோற்றத்தைக் கூறுதல்

ஓர் ஆளின் ஊரைச் சொல்ல ‘கம் ஃப்ரம்’ என்ற எளிய தொடரே போதும். ‘ஐ கம் ஃப்ரம் மதுரை’ என்றால் மதுரை என் ஊர். ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை’ என்றால் இப்போதுதான் ரயிலைவிட்டு இறங்குகிறேன். ‘ஐ பிலாங் டு மதுரை’ என்பது நம் நாட்டில் எங்கும் கேட்கக்கூடியதாயினும், பிற தேசத்தாரிடம் பேசும்போது முன்னதையே கொள்வது நல்லது. ‘ஹெயில் ஃப்ரம்’ பத்திரிகை நடைக்குரியது, விண்ணப்பத்தில் வேண்டியதில்லை.

பயிர்களுக்கும் விலங்குகளுக்கும் ‘நேட்டிவ் டு’ உரியது. மிளகாய் அமெரிக்கக் கண்டங்களுக்கு ‘நேட்டிவ்’. இந்தியாவுக்கு அது போர்ச்சுகீசியர் ‘த்ரூ’ வந்தது. தாயகத்தையும் வந்த வழியையும் ஒரே ‘ஃப்ரம்’ என்ற சொல்லில் அடைத்துவிட்டால், மிளகாய் போர்ச்சுகல் நாட்டில் பிறந்தது என்று வாசகன் கருதிவிடுவான். வழக்கங்கள், கருத்துகள், விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு ‘ஒரிஜினேட்’ பொருந்தும். தோன்றியது ஓர் இடமானால் ‘இன்’, தோற்றுவித்தது ஓர் ஆளானால் ‘வித்’ சேர்க்க வேண்டும். கட்டடம், சாசனம் முதலியவற்றின் காலத்தைச் சொல்ல ‘டேட் ஃப்ரம்’. தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010-இல் நிறைவுற்றது எனினும், அது இன்றும் நின்றுகொண்டிருப்பதால் ‘டேட்ஸ் ஃப்ரம்’ என்று நிகழ்காலத்தில்தான் எழுதுவார்கள்.

‘டெரைவ் ஃப்ரம்’ என்பது ஓடையிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுபோவது என்ற பொருளுடைய லத்தீன் பதத்திலிருந்து வந்தது. மூலத்திலிருந்து பிரிந்து, வழியில் உருமாறி வந்தவற்றுக்கே அது உரியது: சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினா மருந்து, கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ‘கேட்டமரான்’, சுருட்டு என்ற சொல்லிலிருந்து ‘செரூட்’. ‘ஸ்டெம் ஃப்ரம்’ அடிமரத்தை நினைவூட்டுவதாகையால், ஆழத்தில் வேர்கொண்ட பழக்கத்துக்கும் மனப்பான்மைக்கும் அதைக் கொள்ளலாம். ‘அரைஸ் ஃப்ரம்’ வழக்கு, தகராறு, பொறுப்பு முதலியவை ஒரு நிலைமையிலிருந்து எழுவதைக் காட்டும், ஆகவே ஒப்பந்தப் பத்திரங்களில் அதுவே ஆட்சி செலுத்துகிறது. மனிதருடைய வம்சாவளிக்கு ‘டிசென்டட் ஃப்ரம்’ இருக்கிறது.

8. களைய வேண்டியவை

‘டியூ டு தி ஃபாக்ட் தட்’, ‘ஓயிங் டு தி ஃபாக்ட் தட்’ என்பவற்றை எழுதி முடித்ததும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘பிகாஸ்’ என்று எழுதுக. ‘இன் வியூ ஆஃப் தி ஃபாக்ட் தட்’ என்பதற்கு ‘சின்ஸ்’ போதும். பிரிட்டிஷ் நிதியிலாகாவின் வேண்டுகோளுக்கிணங்க அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்காக சர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதி, 1948-இல் வெளிவந்த ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறு நூல், இப்படிப்பட்ட பருத்த தொடர்களைக் களைவதற்கென்றே எழுதப்பட்டதென்று கூறினும் பொருந்தும். ‘தி ரீசன் இஸ் பிகாஸ்’ என்பதில் காரணம் என்ற பொருள் இருமுறை வந்துவிடுவதால், ‘தி ரீசன் இஸ் தட்’ என்று எழுதுவதே செம்மை. ‘டியூ டு அனவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்ற அறிவிப்புத் தொடரில் இலக்கணக் குற்றம் இல்லை. காரணம் என்ற பெயரில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதே அதன் குற்றம். காரணத்தைச் சொல்ல விருப்பமில்லையேல், கூட்டம் நடைபெறாது என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுக. ஒவ்வொன்றிலும் தொடரைத் தேர்ந்த பின், அதன் பக்கத்திலுள்ள குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்க.

(அ) பயத்தால் அவன் முகம் வெளுத்தது. உள்ளே நிறைந்தது வெளியே தெரிகிறது, ‘வித்’.

(ஆ) ஓட்டுநரின் அசட்டையால் விபத்து நேர்ந்தது. அசட்டை வழியாக வந்தது, ‘த்ரூ’. அசட்டை இன்னும் நிரூபிக்கப்படவில்லையானால் ‘அட்ரிபியூட்டட் டு’.

(இ) உங்கள் உதவியால் பையன் தேறினான். ‘தாங்க்ஸ் டு’.

(ஈ) இந்தக் கயிறு தேங்காய் நாரால் ஆனது. நார் கண்ணுக்குத் தெரிகிறது, ‘மேட் ஆஃப்’.

(உ) ஆள் இல்லாததால் கடை மூடப்பட்டது. ‘ஃபார் வான்ட் ஆஃப்’.

(ஊ) ஏரிக்கரை உடைந்ததால் ஊரில் வெள்ளம் புகுந்தது. கரையை எழுவாயாக்கி ஒரு முறையும், வெள்ளத்தை எழுவாயாக்கி ஒரு முறையும் எழுதுக. முன்னதில் ‘ரிசல்டட் இன்’, பின்னதில் ‘ரிசல்டட் ஃப்ரம்’ வந்திருக்க வேண்டும். அதன்பின், கரையைப் பழுது பார்க்காமல் விட்டவர்களுக்கும் பங்குண்டு என்று சொல்லும் மூன்றாவது வாக்கியம் ஒன்றை எழுதி, அதில் ‘காஸ்ட்’ என்று போடுவதா, ‘கான்ட்ரிபியூட்டட் டு’ என்று போடுவதா என்பதற்கு உங்கள் நியாயத்தைத் தமிழில் இரண்டு வரிகளில் எழுதுக.